பால் காளான் ஆய்வக அறிக்கை: ஈயம் 4.1, காட்மியம் 0.4. விற்கலாமா, நிறுத்தலாமா?

குடில்காரி (கோபி)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வீட்டுக்குப் பின்னால் இரண்டு குடில் போட்டுச் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கிறேன். பால் காளான் ஏ.பி.கே. 2 ரகம். இதுவரை வாரச் சந்தை, இரண்டு மெஸ், தெரிந்த வீடுகள் என்று ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் கோவையில் ஒரு இயற்கை அங்காடி, வாரம் 30 கிலோ எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கன உலோகப் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்றது. பறித்த காளானில் அரைக் கிலோ ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நேற்று அறிக்கை வந்தது.

எல்லாம் மி.கி./கிலோ கணக்கு. பொட்டாசியம் 36,200. பாஸ்பரஸ் 8,900. துத்தநாகம் 74. தாமிரம் 16. இரும்பு 1,480. ஈயம் 4.1. காட்மியம் 0.4. ஆர்செனிக்கும் பாதரசமும் கண்டறியும் அளவுக்குக் கீழே.

அங்காடிக்காரர் பார்த்ததும், "ஈயத்துக்கு உலக வரம்பு 0.3தான், உங்களுடையது 13 மடங்குக்கு மேல் இருக்கிறதே" என்றார். இரும்பை மட்டும் பாராட்டினார். ஈயப் பிரச்சினை தீர்ந்தால் 'ரத்தசோகைக்கு நல்லது' என்று லேபிள் அடிக்கலாமாம்.

எனக்கு வியாபாரம் போனால்கூடப் பரவாயில்லை. என் மகளுக்கு ஆறு வயது. வாரத்தில் நான்கு நாள் இந்தக் காளானைத்தான் சாப்பிடுகிறாள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

அம்மணி, முதலில் ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அறிக்கையில் எங்காவது சின்ன எழுத்தில் 'உலர் எடை அடிப்படையில்' என்று இருக்கிறதா? ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அதையும் போடுங்கள். அது தெரியாமல் 4.1 என்ற எண்ணை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

குடில்காரி (கோபி)

ஆமாம் ஐயா, அடியில் இருக்கிறது. உலர் எடை அடிப்படையில் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஈரப்பதம் 90.4%.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

நினைத்தேன். காளான் அறிக்கையில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆய்வகத்தில் காளானைக் காயவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியில் அளக்கிறார்கள். ஒரு கிலோ பச்சைக் காளானில் 904 கிராம் தண்ணீர் போய்விட்டது, மிஞ்சியது 96 கிராம். சட்ட வரம்புகளோ பச்சைக் காளானுக்கானவை. அதனால் எல்லா எண்ணையும் 0.096ஆல் பெருக்க வேண்டும்.

ஈயம்: 4.1 × 0.096 = 0.39.
காட்மியம்: 0.4 × 0.096 = 0.038.

வளர்ப்புக் காளானில் ஈயத்துக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கிலோவுக்கு 0.3 மி.கி. மொட்டுக் காளான், ஷிட்டாகே என்ற ஜப்பானியக் காளான், சிப்பி மூன்றையும் பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பால் காளானுக்கும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். ஆக 13 மடங்கு இல்லை, ஒன்றேகால் மடங்கு. ஆனாலும் வரம்பைத் தாண்டியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்றும் கிடையாது. முன்பு வாராந்தர அளவு ஒன்று வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைந்த அளவு ஈயமும் பாதிக்கிறது என்பதுதான் காரணம்.

காட்மியத்தைப் பொறுத்தவரை நிலைமை நன்றாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் வரம்புகளை இறுக்கியது. முன்பு மொட்டு, சிப்பி, ஷிட்டாகே மூன்றுக்கும் 0.2 இருந்தது. இப்போது சிப்பிக்கும் ஷிட்டாகேவுக்கும் 0.15, மற்ற வளர்ப்புக் காளான்களுக்கு 0.05. உங்களுடையது 0.038. அந்தக் கடுமையான வரம்புக்கும் உள்ளேதான்.

உங்கள் மகள் கணக்கையும் போட்டுவிடுகிறேன். எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. அப்படியானால் 50 மைக்ரோகிராம். நான்கு நாள், நாளுக்கு 50 கிராம் காளான் என்றால் வாரம் 200 கிராம், அதில் சுமார் 7.7 மைக்ரோகிராம். சோறு, கீரை, கிழங்கு வழியாகவும் காட்மியம் வரும், ஆனால் காளானால் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை.

ஈயத்துக்கு வருவோம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மாதிரி எப்படி அனுப்பினீர்கள்? கழுவினீர்களா? தண்டின் அடியை வெட்டினீர்களா? அப்புறம் அந்த இரும்பு 1,480 என்னைத் தொந்தரவு செய்கிறது.

புதியவன் 27

இரும்பு அதிகம் இருந்தால் நல்லதுதானே ஐயா? ஏன் தொந்தரவு?

குடில்காரி (கோபி)

கழுவவில்லை ஐயா. கழுவினால் ஈரம் ஏறி ஒரே நாளில் மஞ்சளாகிவிடும், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுமே என்று பறித்தபடியே பெட்டியில் போட்டேன். அடியை வெட்டவில்லை. பால் காளானைப் படுக்கையிலிருந்து திருகி எடுக்கும்போது தண்டோடு கேசிங் மண் (படுக்கைக்கு மேலே மூடும் மண்) ஒட்டிக்கொண்டு வரும். தட்டி உதிர்த்துவிட்டுத்தான் வைத்தேன், ஆனாலும் கொஞ்சம் இருந்திருக்கும். வீட்டுக்கு, மெஸ்ஸுக்கு, சந்தைக்கு எல்லாம் அடியை ஒரு அங்குலம் வெட்டித்தான் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

அப்போது சந்தேகம் சரிதான். விளக்குகிறேன், புதியவன் தம்பியும் கேளுங்கள்.

100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் இரும்பு ஏறக்குறைய 1.3 மி.கி., மொட்டுக் காளானில் அரை மி.கி. இந்த அறிக்கையைப் பச்சை எடைக்கு மாற்றினால் 100 கிராமில் 14 மி.கி. வருகிறது. காளான் உடம்பில் அவ்வளவு இரும்பு இருக்காது. மண்ணில் இருக்கும். நம் மண்ணில் எடையில் 3 சதவீதம், சில இடத்தில் அதற்கு மேலும் இரும்புதான். 100 கிராம் காளான் பொடியில் நான்கைந்து கிராம் மண் கலந்திருந்தால் போதும், இரும்பு ஆயிரத்துக்கு மேல் எகிறிவிடும். ஆகவே அந்த ஆய்வகம் அளந்தது காளானையும் மண்ணையும் சேர்த்து. ஈயமும் பெரும்பாலும் அந்த மண்ணிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். பூஞ்சாணம் ஈயத்தை அவ்வளவாக உறிஞ்சி ஏற்றிக்கொள்வதில்லை.

காட்மியம் அப்படி இல்லை. துத்தநாகமும் தாமிரமும் காளானுக்கு வேண்டும், தேடி எடுக்கும். காட்மியம் துத்தநாகத்தைப் போலவே நடந்துகொள்வதால் அதே வழியில் உள்ளே போய்விடும். உள்ளே போனதைப் புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தண்டைவிடக் குடையில், அதுவும் குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளில் கூடுதலாகச் சேரும். கழுவினால் போகாது.

ஆகவே என் கணிப்பு இது. சுத்தம் செய்து, அடி வெட்டி இன்னொரு மாதிரி அனுப்புங்கள். இரும்பும் ஈயமும் சடாரென்று இறங்கும், காட்மியம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதோடு கேசிங் மண்ணில் ஒரு கைப்பிடி தனியாக அனுப்புங்கள். மண் எங்கே எடுத்தது?

குடில்காரி (கோபி)

குளத்துக் கரம்பை ஐயா. இரண்டு சதவீதம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஆவியில் வேகவைத்துத்தான் போடுகிறேன். குளம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டோரக் கரையில்தான் வெட்டி எடுத்தோம், டிராக்டர் அங்கேதான் இறங்கும்.

ஊட்டி மொட்டு

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். 11 வருடமாக மொட்டுக் காளான் போடுகிறேன். வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. இதை எங்கள் ஆட்களுக்கு நான் தினமும் சொல்வேன். பலர் 'ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு' என்றால் எல்லாமே சுத்தம் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் கேசிங்கைவிடக் கம்போஸ்ட்தான் பெரிய விஷயம். வைக்கோல், கோழி எரு, யூரியா, ஜிப்சம் எல்லாம் போட்டுப் புரட்டிப் புரட்டி, நீண்ட முறையில் கிட்டத்தட்ட ஒரு மாதம் மட்க வைக்கிறோம். மட்கும்போது பாதிக்குப் பாதி காற்றாகப் போய்விடும். உலோகம் எங்கும் போகாது, மிஞ்சியதில் செறிந்து நிற்கும். அதனால் உள்ளே போடும் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பார்கள், எருவில் அது வரும். அமெரிக்காவில் ரோக்சார்சோன் என்ற ஆர்செனிக் மருந்தைப் பல்லாண்டுகள் கோழிக்குக் கொடுத்தார்கள், 2011இல்தான் விற்பனையை நிறுத்தினார்கள்.

ஜிப்சத்தில் இரண்டு வகை. பூமியிலிருந்து வெட்டி எடுப்பது ஒன்று. பாஸ்பேட் உரம் தயாரிக்கும்போது மிஞ்சும் பாஸ்போஜிப்சம் இன்னொன்று. இரண்டாவது விலை குறைவு, ஆனால் எந்தப் பாஸ்பேட் பாறையிலிருந்து வந்ததோ அதன் காட்மியம் அதில் கொஞ்சம் இருக்கும். மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நான் வெட்டியெடுத்த ஜிப்சத்துக்கு மாறி ஐந்து வருடம் ஆகிறது.

சின்னசேலத்தான்

இவ்வளவு பாடு எதற்கு? மழை பெய்து இடி இடித்தால் புற்றிலும் வரப்பிலும் தானாகவே வரும் காளானுக்கு இந்தத் தொல்லையெல்லாம் உண்டா? இயற்கை கொடுப்பதில் விஷம் இருக்காது.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

புற்றுக் காளான் ருசிக்கு ஈடில்லை, அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் உலோக விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. வளர்ப்புக் காளானுக்கு நாம் கொடுத்த வைக்கோலும் சில வாரங்களும்தான் வாழ்க்கை. காட்டுக் காளானின் பூஞ்சாண இழை வருடக்கணக்கில் மண்ணுக்குள் பரவி, கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கும். மொட்டுக் காளானின் சொந்தக்காரர்களில் நசுக்கினால் மஞ்சளாகும் சில காட்டு வகைகள் காட்மியத்தை மண்ணைவிடப் பல மடங்கு தன்னுள் குவிக்கும். ஐரோப்பிய வரம்பிலேயே காட்டுக் காளானுக்கு 0.5 வைத்திருக்கிறார்கள், மொட்டுக்கு வைத்ததைப் போலப் பத்து மடங்கு. அது உடம்புக்கு நல்லது என்பதற்காக வைத்ததல்ல. இயல்பாகவே அவ்வளவு இருக்கிறது என்பதால். 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் பரவிய கதிரியக்கச் சீசியத்தை ஐரோப்பியக் காட்டுக் காளான்கள் பல ஆண்டுகள் கழித்தும் சுமந்துகொண்டிருந்தன.

மட்டக்களப்பான்

நல்ல உரையாடல். அண்ணை, இங்கே எங்களுக்கு வைக்கோல் படுக்கை கிடையாது. ரப்பர் மரத்தூள்தான். நூறு கிலோ தூளுக்குப் பத்துக் கிலோ தவிடு, இரண்டு கிலோ கால்சியம் கார்பனேட், கொஞ்சம் பயற்றம் மா, 200 கிராம் எப்சம் உப்பு. பையில் அடைத்துப் பீப்பாயில் அவிக்கிறோம். கேகாலைப் பக்கமிருந்து வந்த தூள் முன்பு மலிவு, இப்போது விலை ஏறிவிட்டது. தளபாடக் கடைக்காரர் ஒருவர் சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

வேண்டாம் தம்பி. ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் துளைக்கும். அதனால் அறுத்த பலகையைப் போரான் கரைசலில் ஊறவைத்துத்தான் தளபாடத்துக்கு அனுப்புவார்கள். மில்லில் பச்சை மரத்தை அறுக்கும்போது விழும் தூள் அதற்கு முந்தியது, அது சரி. தளபாடக் கடைத் தூள் அதற்குப் பிந்தியது. அதில் பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் பசை எல்லாம் கலந்திருக்கும். பழைய வேலிக்கம்பம், மின்கம்பம் அறுத்த தூளாக இருந்தால் இன்னும் ஆபத்து. குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றும் சேர்த்த மருந்தை மரத்துக்குள் ஏற்றும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். ஊறிய மரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மரத்தூளை எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு ஜப்பானைச் சொல்லலாம். புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு காளானுக்கு மட்டும் வரம்பு வைத்து நிறுத்தவில்லை. ஷிட்டாகே வளர்க்கும் மரக்கட்டையில் சீசியம் கிலோவுக்கு 50 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), தூள் கலவையில் 200 பெக்கரல் என்று தீவனத்துக்கே வரம்பு போட்டார்கள்.

தவிட்டிலும் ஒரு கண் வையுங்கள். நெல்லில் ஆர்செனிக் இருந்தால் வெள்ளை அரிசியைவிடத் தவிட்டில்தான் அதிகம் தங்கும்.

மட்டக்களப்பான்

மிக்க நன்றி அண்ணை. மில் தூளே எடுக்கிறேன்.

புதியவன் 27

எங்கள் அவிக்கும் டிரம் உள்ளே முழுக்கத் துரு. பரவாயில்லையா?

ஊட்டி மொட்டு

துரு இரும்புதான், அதனால் கெடுதல் இல்லை. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பெயின்ட், பூச்சிமருந்து, பேட்டரி ஆசிட் இருந்த டிரம் என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

மாலதி (திருச்சி)

நான் காளான் வளர்ப்பவள் இல்லை, ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். நச்சு பற்றி நிறையப் பேசிவிட்டோம், நல்ல பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

காளானின் தாதுச் சத்து என்றால் முதலில் பொட்டாசியம். பச்சை மொட்டுக் காளான் 100 கிராமில் சுமார் 320 மி.கி., சிப்பியில் 420. சோடியமோ சொற்பம், மொட்டில் 5 மி.கி.தான். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான கறி கிடையாது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே பொட்டாசியம்தான் சிக்கல். என்னிடம் வரும் டயாலிசிஸ் நோயாளிகள், "மட்டன் நிறுத்திட்டேன்மா, அதுக்குப் பதிலா காளான்தான்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: மருத்துவர் அனுமதித்த அளவு மட்டும், அதையும் மெல்லியதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். காளான் சூப் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

அடுத்தது தாமிரம். 100 கிராம் மொட்டில் 0.3 மி.கி., பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. செலினியம் 9 மைக்ரோகிராம் வரை. அதுவும் கம்போஸ்டில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

கால்சியம் மட்டும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பால் காளான் என்ற பெயரைப் பார்த்து, பால் குடிக்காத பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் எலும்புக்கு நல்லது என்று நம்பும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். நிறம் வெள்ளை என்பதால் வந்த பெயர் அது. காளானுக்குக் கால்சியத்தை ஏற்றும் குணமில்லை. 100 கிராம் மொட்டுக் காளானில் 3 மி.கி., அதே அளவு பசும்பாலில் 120. படுக்கையில் எத்தனை சுண்ணாம்பு கலந்தாலும் இது பெரிதாக மாறாது.

காளான் பொடி வாங்குபவர்களும் கவனியுங்கள். பத்துக் கிராம் பொடி என்றால் நூறு கிராம் காளான். சத்தும் பத்து மடங்கு, காட்மியமும் பத்து மடங்கு.

குடில்காரி (கோபி)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு அறிக்கையும் கையில் இருக்கிறது. அதே குடில், அதே கேசிங் மண், அடுத்த அறுப்பு. இந்த முறை அடியை வெட்டி, ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி அனுப்பினேன். ஈரப்பதம் 90.8%.

உலர் எடையில் இரும்பு 105. முன்பு 1,480.
ஈயம் 0.7. முன்பு 4.1.
காட்மியம் 0.37. முன்பு 0.4.

ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. பச்சை எடைக்கு ஈயம் 0.06 சொச்சம்தான். கேசிங் மண்ணில் ஈயம் 78.

மகளையும் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் ஈயம் பார்த்தேன். கவலைப்படும் அளவுக்குக் கீழேதான் இருக்கிறது என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

ரொம்ப சந்தோஷம் அம்மணி. வீட்டில் நீங்கள் வெட்டிக் கழுவிச் சமைத்ததுதான் பிள்ளையைக் காத்திருக்கிறது.

78 என்பது பயங்கரமான எண் இல்லை, ஆனால் சுத்தமான வயல் மண்ணுக்கு இது அதிகம். ரோட்டோரம் என்று சொன்னீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோலை முழுக்க நிறுத்தினோம். அதுவரை வண்டிகள் புகையாக விட்ட ஈயம் ரோட்டோர மேல்மண்ணில் படிந்து அங்கேயே கிடக்கிறது. மழையில் கரைந்து போகாது. அடுத்த முறை ரோட்டுக்கு எதிர்க்கரையில், மேல்மண்ணை ஒரு அடி ஒதுக்கிவிட்டு எடுங்கள். சுண்ணாம்பை நிறுத்தாதீர்கள். மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் இளகி எளிதாக ஏறும், கார அமில நிலை (pH) 7.5க்கு மேல் இருந்தால் மண்ணிலேயே பிடிபட்டுக் கிடக்கும்.

குடில்காரி (கோபி)

எதிர்க்கரையில் ஏற்கெனவே இரண்டு டிராக்டர் எடுத்தாகிவிட்டது ஐயா. பழைய கேசிங் மண்ணும் தீர்ந்த படுக்கையும் ஒரு குவியலாகக் கிடக்கிறது. வழக்கமாகக் கீரைப் பாத்திக்குத்தான் போடுவேன். போடலாமா?

ஓய்வுபெற்ற கெமிஸ்ட் (கோவை)

வைக்கோலை மட்டும் பிரித்து எடுக்க முடிந்தால் அதைத் தென்னைக்குப் போடுங்கள். மண்ணைக் கீரைக்கு வேண்டாம், கீரை தரையை ஒட்டி வளர்வது, மழைத் தெறிப்பில் மண் இலையிலேயே ஒட்டும். பிள்ளை விளையாடும் இடமும் வேண்டாம். கோழி வளர்க்கிறீர்களா? அவை கிளறித் தின்றால் ஈயம் முட்டைக்கு வரும்.

குடில்காரி (கோபி)

ஏழு கோழி இருக்கிறது. அப்படியானால் பின்வேலி ஓரத்தில் குழி எடுத்துப் போட்டு, மேலே நல்ல மண் ஒரு அடி மூடி, பலகைக் கல் வைத்துவிடுகிறேன்.

அங்காடிக்காரரிடம் இரண்டு அறிக்கையையும் காட்டினேன், பழையதை மறைக்கவில்லை. ரத்தசோகை லேபிள் வேண்டாம், அந்த இரும்பு மண்ணுடையது என்றும் சொல்லிவிட்டேன். அடி வெட்டிய காளான் மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். நாளைக் காலை ஐந்தரை பஸ்ஸில் முதல் 30 கிலோ போகிறது.